மீன் கழுவிய தண்ணீரும் ஒரு புரோமெலியாவும்

கொல்ல முடியாத செடி என்று சொல்லித்தான் அவள் அதைத் தந்தாள். கொன்று காட்ட எனக்கு ஒரு குளிர்காலம் போதுமாக இருந்தது.

அவள் என்றால் என் மகனோடு இருக்கிற பிள்ளை. அவளை எப்படிக் குறிப்பிடுவதென்று அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மருமகள் என்று சொல்லக் கலியாணம் நடக்கவில்லை. சினேகிதி என்று சொல்லலாமென்றால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே கட்டிலில் படுக்கிறார்கள். மகனைத் தம்பி என்றே கூப்பிடுகிற என் மனுசன் "தம்பியின்ரை அந்தப் பிள்ளை" என்பார், "அந்த" வருகிற இடத்தில் தொண்டையைச் செருமிக்கொள்வார். நான் சுருக்கமாக "அவள்" என்றேன். வெள்ளைக்காரப் பிள்ளை, கியூபெக்கின் வடக்கே ஏதோ ஏரிக்கரை ஊரில் பிறந்தவள். பல் வைத்தியர் ஒருவரிடம் பல் சுத்தம் செய்கிற வேலை. அவள் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நான் மாலை முழுவதும் வாயை மூடிக்கொண்டே சிரித்தேன்.

கதவைத் திறந்ததும் "வாங்கோ, வாங்கோ" என்றேன். அது பெரிய உபசாரம் ஒன்றுமில்லை, கணப்பு திருத்த வருகிறவனுக்கும் அதைத்தான் சொல்வேன். அவள் வாசலிலேயே நின்று அதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு சரசரவென்ற பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஒரு சட்டியை என் கையில் வைத்தாள்.

என் பிரெஞ்சைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நான் கார்டரி ஒன்றில், அதாவது பெற்றோர் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற இடத்தில், சமையல் செய்கிறேன். என் பிரெஞ்சு முழுவதையும் அங்கே மூன்று வயதுக்குக் குறைந்தவர்களிடம்தான் படித்தேன். சாப்பிடு, துப்பாதே, கையைக் கழுவு, கடிக்கக் கூடாது, நித்திரை கொள். இவற்றை ஒரு அமைச்சர் பேசுவதுபோல் தங்குதடையில்லாமல் சொல்வேன். அதற்கு மேலே போனால் வியர்க்கும். அன்று அவள் இடியப்பத்தையும் சொதியையும் ஒரு பருக்கை விடாமல் முடித்தபோது எனக்கு வந்த சந்தோசத்தில் கையைத் தட்டி, "பிராவோ! எல்லாம் சாப்பிட்டாச்சு! கெட்டிக்காரப் பிள்ளை!" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். மகன் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தான். அவள் வெறும் தட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள்.

சாப்பாடு முடிந்த பிறகுதான் தாளைப் பிரித்துச் செடியைப் பார்த்தோம். அன்னாசியின் தலையை வெட்டிச் சட்டியில் வைத்ததுபோல் விறைத்த இலைகள். நடுவில் இருந்து செக்கச்செவேலென்று ஒரு பூ. பூ என்று அவள்தான் சொன்னாள். என் மனுசன் பிளாஸ்டிக்கா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார். புரோமெலியா என்று பெயராம். அன்னாசிக்குச் சொந்தம், ஆனால் அன்னாசி காய்க்காது. மணக்காது. தலையில் வைக்க முடியாது. சாமிக்குப் போடலாமா என்று கேட்டேன், பிடுங்கக் கூடாதாம். கறியில் போட முடியுமா என்று கேட்க வாய் வந்தது, மகனின் கால் இன்னும் மேசைக்குக் கீழேதான் இருந்தது, பேசாமல் விட்டேன்.

அவள் அதை எப்படிப் பார்த்துக்கொள்வதென்று விளக்கினாள், மகன் மொழிபெயர்த்தான்.

"அம்மா, ஒண்டும் செய்யத் தேவையில்லை. நடுவிலை குழி மாதிரி இருக்கெல்லோ, அதுக்குள்ளை கிழமைக்கு ஒருக்காக் கொஞ்சத் தண்ணி. அது வேராலை குடிக்கிறேல்லை, அந்தக் குழியாலைதான் குடிக்கும். மிச்சம் எல்லாம் சும்மா விட்டாக் காணும்."

"உரம்?"

"வேண்டாமாம்."

"வெயில்?"

"நேரை படக்கூடாதாம். சும்மா விடுங்கோ எண்டு சொல்லுறாள்."

சும்மா விடுவது எங்கள் பரம்பரையில் யாருக்கும் வந்ததில்லை. ஆடி மாத வெக்கையிலும் பிள்ளைக்குத் தொப்பி போட்டு அனுப்பிய ஆள் நான். முப்பது வயதான மகன் தும்மினால் இரண்டு நாளைக்கு மூன்று நேரமும் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிப்பேன். இப்படிப்பட்டவளிடம் ஒரு உயிரைக் கொடுத்து ஒன்றும் செய்யாதே என்றால் அது என்ன பரிசு? தண்டனை.

ஆனாலும் அந்தச் செடியை நான் பத்திரமாக வைத்திருந்தாக வேண்டும். அதற்குக் காரணம் மேல் வீடு.

எங்களுடையது பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு டூப்ளெக்ஸ். கீழே நாங்கள், வெளியே சுருண்டு ஏறுகிற இரும்புப் படிக்கு மேலே வாடகைக்கு ஆள். மேலே இருந்த கிரேக்கக் கிழவர் ஜூன் முடிவோடு மகளிடம் போகப்போவதாகச் சொல்லியிருந்தார். இந்த நகரத்தில் எல்லோரும் ஜூலை முதலாம் தேதிதான் வீடு மாறுவது, பாதி ஊர் மற்றப் பாதியின் வீட்டுக்குள் போய்ப் புகும். அந்தத் தேதியில் என் மகன் மேலே வந்து குடியேற வேண்டும் என்பதுதான் என் ஆசை. தலைக்கு மேலே அவன் நடக்கிற சத்தம் கேட்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

கேட்டபோதெல்லாம் அவன், "அவளிட்டைக் கேக்கோணும் அம்மா" என்றான். அவர்கள் லவாலில் ஒரு கொண்டோ, அதாவது சொந்தமாக வாங்குகிற அடுக்குமாடி வீடு, பார்த்து வைத்திருந்தார்கள். லவால் சந்திரனில் இல்லை. மெட்ரோவில் நீலத் தடத்தில் ஏறி ஆரஞ்சுத் தடத்துக்கு மாறினால் வந்துவிடும். ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆற்றைக் கடந்து போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். விசேஷத்துக்கு மட்டும் வருவார்கள், வந்தாலும் காரை நிறுத்தாமல் ஓடவிட்டபடி வாசலில் நின்று கதைத்துவிட்டுப் போவார்கள்.

ஆக, முடிவு அவள் கையில். அவள் கையால் வந்தது செடி. அது பரிசில்லை, சோதனை என்று நானே தீர்மானித்தேன். பூ சிவப்பாக நின்றால் மேல் வீட்டில் மகன். பூ வாடினால் லவால். இப்படி யாரும் சொல்லவில்லைதான். எல்லாவற்றையும் ஒருவர் சொல்லவா வேண்டும்?

செடியைக் குசினி ஜன்னலுக்குப் பக்கத்தில், என் கறிவேப்பிலைக்கு அருகே வைத்தேன். அந்தக் கறிவேப்பிலை எங்கள் வீட்டின் மூத்த பிள்ளை. டொரன்டோவில் இருந்து ஒரு மாசி மாதத்தில் என் கோட்டுக்குள், என் வயிற்றுச் சூட்டில், காரில் வந்தது. வந்த முதல் குளிர்காலம் ஓர் இலை இல்லாமல் மொட்டையாக நின்றது. செத்துப்போய்விட்டது என்று அழுதேன். சித்திரையில் ஒன்றும் நடக்காததுபோல் துளிர்த்தது. அன்றிலிருந்து அதற்கு அரிசி கழுவின தண்ணீர், மோர்ச்சட்டி அலசின தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலாக மீன் கழுவின தண்ணீர். இங்கே தமிழ் வீடுகளில் போய்ப் பாருங்கள், மீன் கழுவின தண்ணீரைக் குழாய்க்குள் ஊற்றுகிறவளை எல்லோரும் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். என் வீட்டுக்கு வருகிறவர்கள் மனுசனின் முழங்கால் வலியை விசாரிப்பதற்கு முன்னால் கறிவேப்பிலையை விசாரிப்பார்கள்.

கார்த்திகை போனது, மார்கழி போனது. கறிவேப்பிலை வழக்கம்போல் இலை உதிர்த்தது. புரோமெலியா ஒன்றும் செய்யவில்லை. வளரவில்லை, வாடவில்லை, ஓர் இலை கூடவில்லை, குறையவில்லை. காலையில் எழும்பி வந்து பார்த்தால், நேற்று எப்படி நின்றதோ அப்படியே நிற்கும். வேலையால் வந்து பார்த்தாலும் அப்படியே. எனக்கு எரிச்சல் வந்தது. பசி என்று அழாத குழந்தையை நான் கார்டரியிலும் நம்புவதில்லை.

"இது ஏன் இப்பிடி நிக்குது?" என்று மனுசனைக் கேட்டேன். அவர் பாண் சுடுகிற தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றதிலிருந்து சோபாவில் தொலைபேசியும் கையுமாகத்தான் இருப்பார்.

"நல்லா இருக்குப்போலை, அதுதான் நிக்குது" என்றார்.

அவரும் அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறார், இருபது வருடமாக. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

தைமாதம் ஒரு பனிப்புயலுக்கு அடுத்த நாள் தமிழ்க் கடைக்குப் புதிதாகச் சூடை மீன் வந்திருந்தது. வாங்கிவந்து வெட்டிக் கழுவி, முதல் தண்ணீரை, இரத்தமும் செதிலுமாக நல்ல கொழுப்பான தண்ணீரை, கறிவேப்பிலைக்கு ஊற்றினேன். சட்டியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பக்கத்தில் இது நடுவில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. ஒருத்திக்குக் கொடுத்து ஒருத்திக்குக் கொடுக்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதுவும் கறிவேப்பிலைக்கு மண்ணில் ஊற்றி, மண் குடித்து, வேர் குடித்து, பிறகுதான் போய்ச் சேரும். இதற்கு நேரே வாய்க்குள். கார்டரியில் சூப் பருக்குவதுபோல் ஒரு கரண்டி ஊற்றினேன். அடுத்த நாள் இலைகள் ஒரு மினுக்கம் கூடினாற்போல் இருந்தது. அடுத்த சனியும் ஊற்றினேன். அதற்கு அடுத்த சனி கொஞ்சம் தாராளமாக.

மணம் மெதுவாக ஆரம்பித்தது. குளிர்காலத்தில் ஜன்னல் திறக்க முடியாத வீட்டில், மீன் சமைத்த வீட்டில், அது உடனே தெரியவில்லை. மனுசன் முதலில் என் கருவாட்டு டப்பாவைச் சந்தேகப்பட்டார். பிறகு சாக்கடைக் குழாயைச் சந்தேகப்பட்டு எதையோ ஊற்றினார். கடைசியில் ஒரு மாலை நிமிர்ந்து கூரையைப் பார்த்து, "இஞ்சேரும், மேலை கிழவன் செத்துக்கித்துப் போச்சோ?" என்றார். எனக்கும் திக்கென்றது. அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, பனி உறைந்த படியில் கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறிப்போய்க் கதவைத் தட்டினார். கிழவர் உயிரோடுதான் கதவைத் திறந்தார். திறந்தவர், இரண்டு கிழமையாகக் கீழே இருந்து ஒரு நாற்றம் வருகிறது, நீங்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டாராம்.

அதற்குப் பிறகுதான் நான் செடிக்குள் எட்டிப் பார்த்தேன். விவரிக்க மாட்டேன். சின்னச் சின்னக் கொசு ஒரு பட்டாளம் எழும்பி என் முகத்தில் மோதியது. சிவப்புப் பூ நுனியில் இருந்து பழுப்பாகி வந்துகொண்டிருந்தது. கொண்டோவின் சாவியை அவர்கள் கையில் நானே வைப்பதுபோல் இருந்தது.

மனுசன் உதவிக்கு வந்தார், அதாவது சோபாவில் இருந்தபடி தொலைபேசியில் ஒரு வீடியோவைச் சத்தமாகப் போட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இஞ்ச பாரும். இது வாழை மாதிரியாம். ஒருக்காத்தான் பூக்குமாம். பூத்தாப் பேந்து தாய் செத்துப்போகுமாம். அடியிலை குட்டி வருமாம்" என்றார்.

"என்ன?"

"தாய் செத்துப்போகும். குட்டிகள் இருக்கும். நீர் மீன் தண்ணி ஊத்தாட்டியும் சாகத்தான் போகுது. கொஞ்சம் பேந்து."

அவர் என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூத்திருக்கிற செடியைத் தந்தாள் என்றால், சாகப்போகிற செடியைத் தந்திருக்கிறாள். அதுவும் தாயை. தாய் ஒதுங்கினால் பிள்ளைகள் செழிக்கும் என்பதைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி, என் வீட்டுக்கே கொண்டுவந்து தந்திருக்கிறாள். நான் தட்டைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறேன்! மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"உன்ரை ஆள் எனக்கு என்னத்துக்குச் சாகப்போற தாயைத் தந்தவள்?"

"அம்மா, என்ன சொல்லுறீங்கள்?"

வீடியோவில் சொன்னதை எல்லாம் சொன்னேன். நாற்றத்தைச் சொல்லவில்லை.

"அம்மா, கடையிலை சிவப்பும் மஞ்சளும்தான் இருந்தது. உங்கடை சீலையள் எல்லாம் சிவப்பெண்டு அவள் சிவப்பை எடுத்தவள். அவ்வளவுதான்" என்றான். பிறகு, "வாற ஞாயிறு வாறம். வீட்டு விசயம் கதைக்கோணும்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

சீலையின் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாள். நான் இன்னும் மோசமாக உணர்ந்தேன். திட்டுவதற்கும் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஞாயிறு காலை செடியைக் குளியல் தொட்டியில் வைத்து முழுக்காட்டினேன். குழியைக் கவிழ்த்து ஊற்றி, பழைய பல் தூரிகையால் இலை இலையாகத் தேய்த்து, மனுசனின் ஷாம்பூ போட்டு அலசினேன். வீடு முழுவதும் சாம்பிராணி பிடித்தேன். அதன் பிறகு வீடு மீன் சந்தையில் பூசை நடப்பதுபோல் மணந்தது. செடியைப் பார்க்கிற நிலையில் வைக்க முடியவில்லை. பூ முக்கால்வாசி பழுப்பு, இரண்டு இலை அடியோடு கையில் வந்துவிட்டது. தொட்டிக்குள்ளேயே விட்டுத் திரையை இழுத்து மூடினேன். கேட்டால், தூங்குகிறது என்று சொல்லலாம். அதற்கு எனக்குப் பிரெஞ்சு தெரியும்.

வந்தார்கள். "வாங்கோ, வாங்கோ" என்றேன். அவள் மூக்கு ஒரு முறை அசைந்தது, ஆனால் சிரித்தாள். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். பல் சுத்தம் செய்கிறவர்கள் கை கழுவாமல் எதையும் தொட மாட்டார்கள் என்பதை நான் எப்படி மறந்தேனோ தெரியாது. தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது, நின்றது. திரை வளையம் இழுபடுகிற சத்தம் கேட்டது.

அவள் செடியை இடுப்பில் குழந்தைபோல் தூக்கிக்கொண்டு வந்தாள். குழிக்குள் மூக்கை வைத்து முகர்ந்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. இதற்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாள்.

மகனைப் பார்த்தேன், அவன் நிலத்தைப் பார்த்தான். மனுசன் தொலைபேசியைப் பார்த்தார். எனக்கிருந்த பிரெஞ்சோடு நானே எழுந்து நின்றேன்.

"மீன்" என்றேன். "மீன் தண்ணீர். சனிக்கிழமை. ம்ம்ம், நல்ல ருசி. அது எல்லாம் குடிச்சது."

அவள் புரியாமல் விழித்தாள். அப்போது மகன் வாயைத் திறந்தான். கறிவேப்பிலையைக் காட்டி ஏதோ நீளமாகச் சொன்னான். பாதி எனக்கு விளங்கியது. அம்மா இதை உலகத்தில் இந்த மரத்துக்கு மட்டும்தான் ஊற்றுவா, இதன் இலையை வேறு யாரும் கிள்ள விடமாட்டா, அப்பாவுக்குக்கூட இவ்வளவு கவனிப்புக் கிடைத்ததில்லை. மனுசன் ஒன்றும் விளங்காமல் தலையாட்டினார்.

அவள் செடியைக் கட்டிக்கொண்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்து, மூச்சு முட்டி, மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்புப் பிடித்துக்கொண்டது. வாயை மூட மறந்து, என் கடைவாய்ப்பல் ஓட்டை வரை காட்டிச் சிரித்தேன். சோதனையில் தேறிவிட்டேன் என்றே நினைத்தேன். மேல் வீட்டுக்கு என்ன நிறத்தில் பெயின்ட் அடிப்பது என்றுகூட மனதுக்குள் ஓடிவிட்டது.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். சின்னச் சொற்களாகத் தேடித் தேடிப் பேசினாள், கார்டரிப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதுபோல. மகனுக்கு மொழிபெயர்க்கிற வேலை இருக்கவில்லை.

"மதாம், எனக்கு உங்களைப் பிடிக்கும். நிறையப் பிடிக்கும். ஆனால் மேல் வீடு வேண்டாம்." செடியைக் காட்டினாள். "எனக்கும் ஊற்றுவீர்கள்."

எனக்கு முதலில் வந்தது கோபம். அழுகை பின்னால்தான் வந்தது. கையை உருவிக்கொண்டு, "அப்ப போங்கோ. லவாலுக்கே போங்கோ. ஆர் மறிச்சது? சாப்பிட்டுட்டுப் போங்கோ" என்று தமிழில் சத்தம் போட்டுவிட்டுக் குசினிக்குள் போனேன். வெங்காயம் வெட்ட ஒரு தேவையும் இருக்கவில்லை, சமையல் எல்லாம் முடிந்திருந்தது. இருந்தும் ஒரு வெங்காயத்தை எடுத்து வெட்டினேன். அவள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். அவள் சொன்னது சரி என்பதில் அதைவிடக் கோபம். கறிவேப்பிலைக்கு வாயிருந்தால் அதுவும் இதைத்தான் சொல்லியிருக்குமோ என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு அப்படி யோசித்ததற்காகவும் அவள்மேல் கோபப்பட்டேன்.

சாப்பிட்டார்கள். நான் பேசாமல் யோகட் டப்பாக்களில் கறி கட்டிக் கொடுத்தேன். கோபம் வேறு, கறி வேறு. போகிற நேரத்தில் அவள் செடியின் அடியைத் தொட்டுக் காட்டினாள். பழுத்த இலைகளுக்குக் கீழே, விரல் நுனியளவு, இரண்டு பச்சைக் குருத்துகள். மீன் தண்ணீரில் மூழ்கியும் வந்திருந்தன. நான் கையை நீட்டினேன். அவள் என் விரலை மெல்லத் தள்ளி, "தொடக் கூடாது" என்றாள். கார்டரியில் நான் நாள் முழுவதும் சொல்கிற அதே பிரெஞ்சில்.

தொடவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை, ஆனால் தொடவில்லை. கிழமைக்கு ஒருமுறை வெறும் தண்ணீர், அதுவும் கொஞ்சம். மற்ற நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போவேன். தாய் தன்பாட்டில் காய்ந்துகொண்டே வந்தது. குட்டிகள் கொழுத்தன. ஜூன் முடிவில் பாண் வெட்டுகிற கத்தியால் இரண்டையும் பிரித்துத் தனித்தனிச் சட்டியில் வைத்தேன். கிழவர் எங்களுக்கு ஒரு போத்தல் ஒலிவ் எண்ணெய் தந்துவிட்டுப் போனார். மேலே இரண்டு மாணவர்கள் வந்தார்கள். இப்போது என் தலைக்கு மேலே யாருடைய கால்களோ நடக்கின்றன.

ஜூலை முதலாம் தேதி லவாலுக்கு நானும் போனேன். பெட்டிகளுக்கு நடுவே நின்று அவளிடம் இரண்டு சட்டிகளைக் கொடுத்தேன். ஒன்று புரோமெலியாக் குட்டி. மற்றது என் கறிவேப்பிலையின் அடியில் முளைத்த கன்று, எத்தனையோ பேர் கேட்டும் "பேந்து தாறன்" என்று சொல்லிச் சொல்லி நான் யாருக்கும் கொடுக்காதது. மகனுக்கு அது தெரியும், அவன் முகம் மாறியது.

அவள் கன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது சுலபமா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். "கஷ்டம். மிகவும் கஷ்டம். நிறையக் கேள்வி கேட்க வேண்டும்."

அதுதான் என் திட்டம். சுலபமான செடியைக் கொடுத்தால் ஒருவரை ஒருவர் மறந்துவிடலாம். கஷ்டமான செடிக்குத் தொலைபேசி எடுத்தே ஆக வேண்டும். நான் ஒன்றும் அவ்வளவு நல்லவள் இல்லை.

ஆனால் அவள் எடுக்கவில்லை. மகன் எடுத்தான், ஞாயிற்றுக்கிழமைகளில், நடந்துகொண்டே, மூச்சு வாங்க. கறிவேப்பிலை எப்படி என்று கேட்பேன், நிக்குது என்பான், தகப்பனைப்போல. இலையுதிர்காலம் போனது. நானும் அவளைக் கூப்பிடவில்லை. எத்தனையோ தடவை தொலைபேசியைக் கையில் எடுத்து, ஜன்னலில் இருக்கிற என் குட்டிப் புரோமெலியாவைப் பார்த்து, திரும்ப வைத்தேன். அது சும்மா நின்றது. நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் ஒன்றும் செய்யாமல் இருந்து இருந்து கை துறுதுறுத்தது, வீடு பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. மனுசனுக்குச் சூடு தாங்காத அளவுக்குக் கம்பளிச் சட்டைகள் வாங்கிக் கொடுத்தேன்.

தை மாதம், வெளியே மூக்கு உறைகிற குளிரில் ஒரு பிற்பகல், தொலைபேசி முகம் காட்டி அடித்தது. மகன் இல்லை, அவள். கமராவைத் திருப்பிக் கன்றைக் காட்டினாள். ஓர் இலை இல்லை. ஒரு குச்சி, அவ்வளவுதான். சட்டியைச் சுற்றி உதிர்ந்த இலைகளைக்கூட அவள் எறியாமல் ஒரு தட்டில் சேர்த்து வைத்திருந்தாள். செத்துவிட்டதா, நான் கொன்றுவிட்டேனா என்று கேட்டபோது அவள் குரல் உண்மையிலேயே நடுங்கியது.

அந்தக் குச்சி நல்ல சுகமாக இருந்தது. கறிவேப்பிலை குளிர்காலத்தில் அப்படித்தான் மொட்டையாக நிற்கும். ஒன்றும் செய்யத் தேவையில்லை, சும்மா விட்டால் சித்திரையில் துளிர்க்கும். வேறு யார் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"மீன் வாங்கு" என்றேன் பிரெஞ்சில்.

"எந்த மீன்?"

சூடைக்குப் பிரெஞ்சில் என்ன பெயர் என்று எனக்கு நன்றாகவே தெரியும். கார்டரியில் கிழமைக்கு ஒருநாள் அதில்தான் சாண்ட்விச். "பெயர் தெரியாது" என்றேன். "பார்த்துத்தான் காட்ட வேண்டும்."

அவள் கமராவைத் தன் பக்கம் திருப்பினாள். கண்ணைத் துடைத்திருந்தாள். "வாங்கோ" என்றாள், தமிழில், நான் என் வாசலில் சொல்கிற அதே இழுவையோடு. "வாங்கோ, வாங்கோ."

மெட்ரோவுக்கு நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. தொலைபேசியில் தேடிப் பார்க்காமல் ஒரு முட்டைகூட அவிக்காத பிள்ளை அவள். கறிவேப்பிலை குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் என்பதைத் தேடிப் பார்க்காமலா என்னைக் கூப்பிட்டிருப்பாள்? அன்று நான் போய் இரண்டு வருடமாகிறது. இன்றுவரை நான் அதைக் கேட்கவில்லை. எந்த மீன் என்று அவளும் இன்னும் என்னிடம்தான் கேட்கிறாள்.